குறிப்பேட்டுச் செயலியின் தரவைப் புற வன்தட்டுக்கு மாற்றுதல்: மாமல்லபுரக் கடற்கரைக் களஆய்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

களஆய்வில் திரட்டப்பெறும் குறிப்புகள், ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியன இன்று பெரும்பாலும் கணினிக் குறிப்பேட்டுச் செயலிகளில் சேமிக்கப்படுகின்றன. அச்செயலிகளின் உள்ளகத் தரவைப் புற வன்தட்டுக்கு மாற்றும்பொழுது எழும் சிக்கல்களைச் செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரக் களஆய்வுச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. செயலிகளின் சேமிப்பு முறையை மூவகையாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மாற்று முறையையும் தமிழ்க் கோப்புப்பெயர்களால் நேரும் தனிச்சிக்கல்களையும் எடுத்துரைக்கிறது. இடமாற்றம் வேறு, பாதுகாப்பு வேறு என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: களக்குறிப்பு, குறிப்பேட்டுச் செயலி, உள்ளகத் தரவு, புற வன்தட்டு, ஒருங்குறி, காப்புப்படி, மாமல்லபுரம்

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வாளர் நான்கைந்து ஆண்டுகள் திரட்டும் களக்குறிப்புகளில் ஒரு பகுதியே ஆய்வேட்டில் இடம்பெறுகிறது. எஞ்சியவை பிற்காலக் கட்டுரைகளுக்கும், ஒரோவழிப் பிற ஆய்வாளர்களுக்கும் மூலமாகின்றன. முன்பு இக்குறிப்புகள் நோட்டுப் புத்தகங்களிலும் அட்டைகளிலும் இருந்தன. எந்த அலமாரியில் எந்த நோட்டு உள்ளது என்பதை ஆய்வாளர் அறிந்திருந்தார். இன்று அவை எவர்நோட், ஒன்நோட், ஜோப்லின், ஆப்சிடியன் முதலிய குறிப்பேட்டுச் செயலிகளிலும், சோட்டெரோ போன்ற நூற்குறிப்பு மென்பொருள்களிலும் உள்ளன. குறிப்பு திரையில் தெரிகிறது. அது எந்தக் கோப்புறையில், எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பயன்படுத்துவோருள் பலர் அறிவதில்லை.

மடிக்கணினியில் இடம் நிரம்பும்பொழுதும், துறைக் கணினியிலும் வீட்டுக் கணினியிலும் ஒரே குறிப்பேட்டைக் கையாள வேண்டியிருக்கும்பொழுதும், ‘எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்’ எனப்படும் புற வன்தட்டுக்குத் தரவை மாற்றும் தேவை எழுகிறது. ஒரு கோப்புறையை வெட்டி மற்றோரிடத்தில் ஒட்டுவது போன்ற எளிய செயலாகவே இது தோன்றும். எனினும் குறிப்பேட்டுச் செயலியின் தரவு தனிக்கோப்பு அன்று. தன் தரவு எங்கிருக்கிறது என்பது செயலிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அத்தொடர்பு அறுந்தால் தரவு அழியாமலிருந்தும் ஆய்வாளருக்குக் கிட்டாமற் போகும். ஆகவே இம்மாற்றத்தின் இயங்குமுறையைத் தமிழாய்வாளர் நோக்கில் விளக்குவது பயனுடையதாகும்.

1. களமும் குறிப்பின் இயல்பும்

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 29 அன்று செயல்படத் தொடங்கிய செங்கல்பட்டு மாவட்டம், தமிழாய்வாளர்களுக்கு இடையறாத களமாக இருந்து வருகிறது. செங்கல்பட்டை அடுத்த வல்லம் குடைவரையில், மகேந்திரவர்மனின் கீழ் வசந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன் எடுப்பித்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. கிழக்கே திருக்கழுக்குன்றத்தில் ஒருகல் மண்டபமும் வேதகிரீசுவரர் கோயிலும் அமைந்துள்ளன. கடற்கரையில் மாமல்லபுரமும், அதற்கு வடக்கே சாளுவன்குப்பமும் உள்ளன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டே, 2005-இல் அங்குச் செங்கல் முருகன் கோயில் அகழ்ந்தெடுக்கப்படுவதற்கு வழிகாட்டியது. இவற்றுடன் மீனவக் குடியிருப்புகளில் வழங்கும் கடல்சார் சொற்கள், வழிபாட்டு மரபுகள், கைவினைஞர்தம் தொழிற்சொற்கள் ஆகியவையும் ஆய்வுப்பொருள்களாகின்றன.

இக்களத்தின் சான்றுகள் நிலையாக இருப்பன அல்ல. உப்புக்காற்று கற்பரப்பை அரிக்கிறது. முதிய தகவலாளர் ஒருவரிடம் பதிவு செய்த சொல்லை மறுமுறை கேட்டறியும் வாய்ப்பு இல்லாமற் போகலாம். ஆகவே ஐந்தாண்டுகளுக்கு முன் எடுத்த ஓர் ஒளிப்படமோ ஒலிப்பதிவோ சில வேளைகளில் அச்சான்றின் ஒரே வடிவமாக எஞ்சிவிடும். நூலகத்தில் மீண்டும் பார்க்கத்தக்க அச்சுநூலின் குறிப்புக்கும் களக்குறிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கடற்கரைக் களத்தில் இணைய வழிச் சேமிப்பை மட்டும் நம்பியிருப்பதும் அரிது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. இத்தகைய வேளைகளில் மின்சாரமும் இணையமும் தடைப்படும். அப்பொழுது கையிலுள்ள தரவே துணையாகும். புற வன்தட்டை நாடுவதற்கு இதுவும் தக்க காரணமாகும்.

2. செயலிகளின் மூவகைச் சேமிப்பு

உள்ளகத் தரவை வைத்திருக்கும் முறைமையால் குறிப்பேட்டுச் செயலிகளை மூவகைப்படுத்தலாம். தரவை மாற்றும் வழி இவ்வகைமையைச் சார்ந்தே அமைகிறது.

முதல்வகை, தனிக்கோப்பு முறை. ஆப்சிடியன் இதற்குச் சான்று. இதில் ஒவ்வொரு குறிப்பும் மார்க்டவுன் எனும் எளிய உரைக்கோப்பாக ஒரு கோப்புறையில் இருக்கும். அக்கோப்புறையைச் செயலி ‘பெட்டகம்’ எனும் பொருள்பட வழங்குகிறது. செயலி இல்லாமலும் எந்த உரைத்தொகுப்பானிலும் இக்கோப்புகளைத் திறந்து படிக்கலாம். செயலியின் அமைப்புகள் பெட்டகத்தினுள்ளேயே ஒரு மறைகோப்புறையில் இருக்கும்.

இரண்டாம் வகை, தரவுத்தள முறை. ஜோப்லின், சோட்டெரோ ஆகியன இவ்வகையின. குறிப்புகள் அனைத்தும் எஸ்க்யூலைட் எனும் தரவுத்தளக் கோப்பு ஒன்றினுள் அடங்கியிருக்கும். இணைப்புப் படங்களும் ஒலிப்பதிவுகளும் அதன் அருகில் வேறொரு கோப்புறையில் இருக்கும். ஜோப்லினில் இணைப்புக் கோப்புகள் தம் பழைய பெயரோடு இருப்பதில்லை. 32 குறிகள் கொண்ட அடையாள எண்ணே பெயராகிறது. எந்தப் படம் எந்தக் குறிப்புக்குரியது என்பது தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். ஆகவே படங்கள் அனைத்தும் எஞ்சித் தரவுத்தளம் மட்டும் சிதைந்தால், எப்படம் எவ்வூரின் எக்கல்வெட்டு என்பதைத் தேடிக் காண்பது பெரும்பணியாகும்.

மூன்றாம் வகை, மேகச் சேமிப்பு முறை. எவர்நோட் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. இதில் மூலப்படி நிறுவனத்தின் வழங்கியில் இருக்கும். நம் கணினியில் இருப்பது விரைவாகப் பார்ப்பதற்கான துணைப்படி. எவர்நோட்டின் பழைய விண்டோஸ் பதிப்புகளில் உள்ளகக் கோப்புகளின் இருப்பிடத்தைப் பயனரே மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. இணையத்துக்குச் செல்லாத உள்ளகக் குறிப்பேடுகளும் இருந்தன. 2020-இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு வெளிவந்த பதிப்பு 10-இல் இவை கைவிடப்பட்டன. 2023 டிசம்பர் முதல் அதன் கட்டணமில்லாத் திட்டம் 50 குறிப்புகளுக்கும் ஒரு குறிப்பேட்டுக்கும் உட்பட்டதாயிற்று. ஒரு செயலியின் சேமிப்புமுறை ஆய்வாளரின் விருப்பத்தைக் கேளாமலே மாறக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

முதல் வகையில் கோப்புறையே குறிப்பேடு. இரண்டாம் வகையில் தரவுத்தளமும் இணைப்புகளும் சேர்ந்தே குறிப்பேடு. மூன்றாம் வகையில் நம்மிடம் இருப்பது குறிப்பேட்டின் நிழல் மட்டுமே. அதனைப் புற வன்தட்டுக்கு மாற்றினாலும் கணினியில் இடம் மிச்சமாகுமேயன்றிக் குறிப்புகள் ஆய்வாளரின் கைக்கு வந்தனவாகா. இவ்வகையினர் செய்யத்தக்கது, குறிப்புகளைப் பொதுவடிவில் ஏற்றுமதி செய்து அக்கோப்புகளைத் தட்டில் வைப்பதாகும்.

3. மாற்ற வேண்டியது எது

இடம் போதாமையே காரணமெனின், முதலில் இடத்தை நிரப்புவது எது என்று காணவேண்டும். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டு இடத்தைக் கொள்கிறது. 2,500 குறியெண்கள் கொண்ட ஒரு பக்கம் 7,500 பைட்டு ஆகும். அத்தகைய ஆயிரம் பக்கங்கள் சேர்ந்தாலும் 7.5 மெகாபைட்டுதான். கைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று ஒளிப்படங்களே அவ்வளவு இடத்தை நிரப்பிவிடும். எனவே ஆய்வாளர் தம் வாழ்நாள் முழுதும் எழுதும் குறிப்புகளும் மடிக்கணினிக்குச் சுமையாகா. சுமையாவன ஒளிப்படங்கள், ஒலி, ஒளிப்பதிவுகள், மின்வருடிய நூல்கள் ஆகியனவே.

இதனால் ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. இடத்துக்காக மட்டும் மாற்றுவோர், குறிப்புகளையும் தரவுத்தளத்தையும் கணினியிலேயே வைத்துக்கொண்டு, பெரிய ஊடகக் கோப்புகளை மட்டும் புற வன்தட்டில் ஒழுங்குபடுத்தி, அவற்றின் கோப்புப்பெயரைக் குறிப்பில் எழுதிவைத்தல் போதுமானது. சோட்டெரோவில் இணைப்புக் கோப்புகளை வேறிடத்தில் வைத்து அவ்விடத்தைச் சுட்டும் வசதி உண்டு. இவ்வாறு செய்தால் தட்டு கையில் இல்லாதபொழுதும் குறிப்பைப் படிக்கலாம், தேடலாம், எழுதலாம். பல கணினிகளில் ஒரே குறிப்பேட்டைப் பயன்படுத்துவோரும், பிறர் புழங்கும் கணினியில் தரவை விட்டுவைக்க விரும்பாதோரும் மட்டுமே முழுமையாக மாற்ற வேண்டியவர் ஆவர்.

4. வன்தட்டின் கோப்பமைப்பு

புற வன்தட்டை வாங்கியவுடன் அது எந்தக் கோப்பமைப்பில் உள்ளது என்பதைக் காணவேண்டும். ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்ட இயலாது. நீண்ட நேர்காணலின் ஒளிப்பதிவு அவ்வளவை எளிதில் தாண்டும். எக்ஸ்ஃபேட் அமைப்பு விண்டோஸ், மேக் ஆகிய இரண்டிலும் படிக்கவும் எழுதவும் ஏற்றது. ஆயினும் எழுதும் பணியின் முன்பதிவேடு அதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்பொழுது கம்பியைப் பிடுங்கினால் அமைப்பே பழுதுபட வாய்ப்புண்டு. என்டிஎஃப்எஸ் அமைப்பில் அப்பதிவேடு உள்ளது. எனினும் மேக் கணினி அதைப் படிக்குமேயன்றி, கூடுதல் மென்பொருள் இன்றி அதில் எழுதுவதில்லை. ஆகவே விண்டோஸ் கணினிகளை மட்டும் பயன்படுத்துவோர்க்கு என்டிஎஃப்எஸ் ஏற்றது. இருவகைக் கணினிகளையும் பயன்படுத்துவோர் எக்ஸ்ஃபேட்டைக் கொள்ளலாம். அவர்கள் தட்டைக் கழற்றும்பொழுது மிகுந்த கவனம் கொள்ளவேண்டும். கோப்பமைப்பை மாற்றினால் தட்டிலுள்ளவை அழியும். எனவே தரவை ஏற்றுவதற்கு முன்பே இதை முடிவு செய்தல் வேண்டும்.

5. தமிழ்க் கோப்புப்பெயர்களின் தனிச்சிக்கல்

தனிக்கோப்பு முறையில் குறிப்பின் தலைப்பே கோப்பின் பெயராகிறது. ஒரு குறிப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்பும் அப்பெயரையே பற்றியுள்ளது. இதனால் தமிழில் தலைப்பிடுவோர்க்கு மூன்று சிக்கல்கள் உண்டாகலாம்.

முதலாவது, ஒரே எழுத்துக்குரிய இரு குறியீட்டு வடிவங்கள். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். முன்னும் பின்னும் நிற்கும் இரு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். ‘கோயில்’, ‘சோழர்’, ‘கொற்றவை’, ‘தொண்டைநாடு’ எனும் சொற்கள் திரையில் ஒன்றுபோலவே தோன்றினும் கணினிக்குள் இருவேறு சரங்களாக இருக்கக்கூடும். மேக் கணினிகளில் 2017 வரை பெருவழக்காயிருந்த கோப்பமைப்பு, பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. விண்டோஸ் கோப்பமைப்போ கொடுத்த வடிவிலேயே வைக்கிறது. பழைய மேக்கிலிருந்து புற வன்தட்டு வழியாக விண்டோஸுக்கு வரும் பெட்டகத்தில், ‘கொற்றவை’ எனும் குறிப்புக்குரிய இணைப்பு அக்குறிப்பைக் காணாது நிற்கலாம். ஒரே பெயரில் இரு கோப்புகள் அடுத்தடுத்து இருப்பதும் நேரும்.

இதனோடு ஒப்பிடத்தக்கது தட்டச்சுப் பிழையால் வரும் போலி வடிவம். ‘கௌ’ என்பதில் ஔகாரக் குறியை இடாமல், எகரக் குறியையும் ளகர எழுத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதுவது பரவலாக உள்ளது. தோற்றம் ஒன்றாயினும் தேடும்பொழுது ஒன்று மற்றொன்றைக் காட்டாது. மேற்கூறிய இருவடிவச் சிக்கலை இயல்புவடிவாக்கம் எனும் முறையால் கணினியே தீர்க்கலாம். இப்போலி வடிவத்தை மனிதரே திருத்த வேண்டும்.

இரண்டாவது, பெயரின் நீளம். ‘திருக்கழுக்குன்றம் ஒருகல் மண்டபம்’ என்பதில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 19. ஒருங்குறியில் இடைவெளிகளுடன் 33 குறியெண்கள்; யூடிஎஃப்-8 வடிவில் 95 பைட்டுகள். லினக்ஸ் கணினிகளில் வழக்கமான கோப்பமைப்பு ஒரு பெயருக்கு 255 பைட்டு வரையே இடந்தருகிறது. ஏறத்தாழ 50 தமிழ் எழுத்துகளில் அவ்வெல்லை வந்துவிடும். விண்டோஸில் கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்து, முழுப்பாதைக்கு 260 குறிகள் எனும் எல்லை பல மென்பொருள்களில் இன்றும் செயல்படுகிறது. புற வன்தட்டில் மாவட்டம், வட்டம், ஊர், கோயில், ஆண்டு எனக் கோப்புறைக்குள் கோப்புறையாக வைத்தால், கணினியில் சிக்கலின்றி இருந்த கோப்பும் படியெடுக்க மறுக்கலாம்.

மூன்றாவது, ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த பழங்குறிப்புகள். தஸ்கி, தாப், தாம் முதலிய குறியேற்றங்களில் தட்டச்சிட்ட கோப்புகளை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். இவற்றை இடமாற்றும்பொழுதே ஒருங்குறிக்கு மாற்றி, மூலக் கோப்பையும் எழுத்துருவையும் உடன்வைத்தல் நன்று.

இச்சிக்கல்களைக் குறைக்க, கோப்புப்பெயரை ஊர்ப்பெயர், நாள், வரிசை எண் என்ற அளவில் சுருக்கி, முழுத்தலைப்பைக் குறிப்பினுள் முதல் வரியில் எழுதும் வழக்கத்தை மேற்கொள்ளலாம்.

6. மாற்றும் முறை

மூவகைச் செயலிகளுக்கும் பொதுவான படிநிலைகள் பின்வருமாறு அமையும்.

(அ) முதலில் செயலியின் ஏற்றுமதி வசதியைக் கொண்டு குறிப்புகள் அனைத்தையும் ஒருமுறை வெளியே எடுத்து வைத்தல் வேண்டும். எவர்நோட்டிலும் ஜோப்லினிலும் அவற்றுக்கென ஏற்றுமதி வடிவங்கள் உள்ளன. ஜோப்லினில் மார்க்டவுன் வடிவிலும் எடுக்கலாம். மேற்கொண்டு எது தவறினும் மீள்வதற்கு இது வழியாகும்.

(ஆ) ஒத்திசைவு முடிந்ததை உறுதிசெய்து, செயலியை முற்றிலும் நிறுத்துதல் வேண்டும். சாளரத்தை மூடினாலும் பல செயலிகள் பின்னணியில் இயங்கிக்கொண்டிருக்கும். தரவுத்தள முறையில் இது மிகவும் கருதத்தக்கது. எஸ்க்யூலைட் இயங்குகையில், அண்மைக்கால மாற்றங்கள் தலைமைக் கோப்பில் சேராமல் அருகிலுள்ள துணைப் பதிவுக்கோப்பில் இருக்கக்கூடும். அந்நிலையில் தலைமைக் கோப்பை மட்டும் படியெடுத்தால் இறுதியாக எழுதியவை விடுபடலாம். தரவுத்தளம் சிதையவும் கூடும்.

(இ) வெட்டி ஒட்டாமல், படியெடுத்து ஒட்டுதல் வேண்டும். மறைகோப்புகள் உட்பட முழுக் கோப்புறையையும் எடுத்தல் வேண்டும்.

(ஈ) மூலத்திலும் படியிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்தப் பைட்டு அளவும் ஒத்துள்ளனவா எனக் காணவேண்டும். ‘தட்டில் கொள்ளும் இடம்’ எனக் காட்டப்படும் அளவு கோப்பமைப்புக்கு ஏற்ப மாறும்; ஒப்பிட வேண்டியது அதுவன்று, கோப்பின் உண்மையளவே. மீட்டெடுக்க இயலாத பதிவுகளுக்குச் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு ஒப்பிடுதல் நன்று. கோப்பில் ஒரு பைட்டு மாறினாலும் அத்தொகை வேறாகிவிடும்.

(உ) மூலக் கோப்புறையை அழிக்காமல் அதன் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, செயலிக்குப் புதிய இடத்தைச் சுட்டுதல் வேண்டும். ஆப்சிடியனில் புதிய கோப்புறையைப் பெட்டகமாகத் திறந்தால் போதும். சோட்டெரோவில் அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் தரவுக் கோப்புறையின் இடத்தை மாற்றலாம். எனினும் அவ்வமைப்பு கோப்புகளைத் தானே நகர்த்துவதில்லை. ஜோப்லினில் செயலியைத் தொடங்கும் குறுக்குவழியில் தரவுக் கோப்புறையின் பாதையைச் சேர்த்தல் வேண்டும். இடம் மாற்ற வசதியற்ற செயலிகளில், பழைய இடத்தில் புதிய இடத்தைச் சுட்டும் கோப்புறை இணைப்பை இயங்குதளத்தின் துணையால் அமைப்பதுண்டு. செயலியின் மேம்படுத்தலில் இவ்விணைப்பு அறுபட வாய்ப்பிருப்பதால் இதை இறுதிவழியாகவே கொள்ளுதல் தகும்.

(ஊ) செயலியைத் திறந்து சோதித்தல் வேண்டும். மூலத்தின் பெயர் மாற்றப்பட்டிருப்பதால், குறிப்புகள் தெரிந்தால் அவை புதிய இடத்திலிருந்தே வருகின்றன என்று துணியலாம். ஓகாரம் பயிலும் சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தல், ஓர் ஒளிப்படத்தைத் திறத்தல், ஓர் ஒலிப்பதிவை இயக்குதல், குறிப்புகளுக்கிடையிலான ஓர் இணைப்பைச் சொடுக்குதல் ஆகிய நான்கும் இன்றியமையாத சோதனைகள்.

(எ) விண்டோஸில் புறத் தட்டுக்கு வழங்கப்படும் எழுத்துக்குறி, வேறு தட்டுகள் இணைந்திருக்கும்பொழுது மாறக்கூடும். தட்டு மேலாண்மைக் கருவியில் நிலையான குறியொன்றை வழங்கிவிட்டால் செயலி வழிதவறாது.

7. மாற்றிய பின்னர்

மாற்றம் முடிந்தபின் புதிய இடர் ஒன்று தோன்றுகிறது. தட்டை இணைக்காமல் செயலியைத் தொடங்கினால், சில செயலிகள் பிழை காட்டாமல் வெற்றுக் குறிப்பேடு ஒன்றைப் பழைய இடத்தில் உருவாக்கிக்கொள்ளும். அதில் ஒருநாள் எழுதிவிட்டால் குறிப்பேடு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே தட்டை இணைத்தபின் செயலியைத் திறப்பதும், செயலியை நிறுத்தியபின் தட்டைப் பாதுகாப்பாக வெளியேற்றுவதும் மாறாத வழக்கமாக வேண்டும். தரவுத்தளக் கோப்புறையைத் தானியங்கி மேக ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைத்தலும் கூடாது. தரவுத்தளம் பழுதுபடும் எனச் சோட்டெரோ உருவாக்குநரே இதனை எச்சரிக்கின்றனர்.

கடற்கரைச் சூழலில் பருப்பொருட் பாதுகாப்பும் கருதத்தக்கது. ஈரமும் உப்பும் கலந்த காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் தட்டை வைத்தல் நன்று. சுழலும் வன்தட்டு அதிர்ச்சி தாங்காது. பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் களத்துக்குச் செல்வோர்க்குத் திண்ம நிலைத் தட்டு ஏற்றது. ஆயின் திண்ம நிலைத் தட்டை மின்னிணைப்பின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்தால், அதிலும் வெப்பம் மிகுந்த இடத்தில் வைத்தால், தரவு மங்கும் வாய்ப்புண்டு. எந்தத் தட்டாயினும் குறித்த கால இடைவெளியில் இணைத்துப் பார்த்தல் வேண்டும்.

கையடக்கத் தட்டு தொலைதலும் எளிது. தகவலாளர்தம் பெயர், குரல், வாழ்க்கைச் செய்திகள் அதில் உள்ளன. நம்பிக் கூறியவர்க்கு ஆய்வாளர் பட்ட கடன் அது. ஆகவே தட்டு முழுவதையும் கடவுச்சொல்லுடன் மறையாக்கம் செய்தல் வேண்டும். அக்கடவுச்சொல்லை மறந்தால் தரவு இல்லையென்றே ஆகும். அதனைத் தட்டோடு வைக்காமல் வேறிடத்தில் எழுதிவைத்தல் வேண்டும்.

8. இடமாற்றமும் படியெடுப்பும்

இதுவரை கூறியவை இடமாற்றம் பற்றியன. தரவைப் புற வன்தட்டுக்கு மாற்றி, கணினியில் இருந்ததை அழித்துவிட்டால் முன்பு ஓரிடத்தில் இருந்தது இப்பொழுது வேறோரிடத்தில் இருக்கிறது; படியின் எண்ணிக்கை ஒன்றே. அதுவும் கீழே விழக்கூடிய, தொலையக்கூடிய பொருளில் இருக்கிறது. புற வன்தட்டில் இருப்பதாலேயே தரவு காக்கப்பட்டது எனும் எண்ணம் பரவலாக உள்ளது. இவ்வெண்ணமே இம்மாற்றத்தின் பெரிய இடர்.

செயலியும் தட்டும் புதியன. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வைத்தல் தகாது எனும் அறிவு இக்களத்திற்குப் புதிதன்று. சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே வடமொழிச் செய்தி, ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் பொறிக்கப்பட்டுள்ளது. பொறித்தவர் கருத்து எதுவாயினும் விளைவு, ஒரு செய்திக்கு இருவேறு எழுத்துவடிவில் இரு படிகள் கிடைத்திருப்பதாகும். திருக்கழுக்குன்றத்து ஆதித்த சோழன் கால இராசகேசரிக் கல்வெட்டு, கந்தசிஷ்யன் அளித்து, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் காத்துவந்த கொடையைப் புதுப்பித்துக் கூறுகிறது. கந்தசிஷ்யனின் அக்கொடையை நாம் அறிவது இப்புதுப்பித்தலின் வாயிலாகவே. மாமல்லபுரக் கல்வெட்டுகளை ஹூல்ஷ் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சிட்டதும், கல்லிலிருந்து தாளுக்குச் செய்தியைப் பெயர்த்த மற்றொரு படியெடுப்பே.

படிகள் எங்கே, எவர் பொறுப்பில் உள்ளன என்பதும் ஆய்வைப் பாதிக்கும் வினாவாகும். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாறியபொழுது தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் அங்குச் சென்றன. அவற்றைச் சென்னைக்குக் கொணருமாறு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மைப்படிகள் அழியாமல் இருப்பது மட்டும் போதாது. ஆய்வாளர் எட்டும் இடத்திலும் இருக்கவேண்டும் என்னும் கருத்தே அவ்வழக்கின் உள்ளீடாக இருந்தது. தனியாய்வாளரின் குறிப்பேட்டுக்கும் இது பொருந்தும். ஒரு வழங்கியில் நலமாக உறங்கும் குறிப்பு, கணக்கு மூடப்பட்டபின் இல்லாத குறிப்புக்கு ஒப்பாகும்.

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 எனும் நெறி இவ்விடத்தில் பயன்தரும். மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது அந்நெறி. இதனைக் களஆய்வுக் குறிப்பேட்டுக்குப் பொருத்தினால், செயலி பயன்படுத்தும் படி புற வன்தட்டிலும், இரண்டாம் படி கணினியிலோ மற்றொரு தட்டிலோ, மூன்றாம் படி கடற்கரையிலிருந்து விலகிய வேறோர் ஊரிலோ மறையாக்கம் செய்த மேகச் சேமிப்பிலோ இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒரு படியேனும் செயலியைச் சாராத எளிய உரைவடிவில் இருத்தல் நன்று. செயலி மறைந்தபின்னும் படிக்கத்தக்கது அதுவே.

முடிவுரை

குறிப்பேட்டுச் செயலியின் தரவைப் புற வன்தட்டுக்கு மாற்றும் பணி, செயலியின் சேமிப்பு வகையை அறிவதில் தொடங்குகிறது. தனிக்கோப்பு முறையில் கோப்புறையையும், தரவுத்தள முறையில் தரவுத்தளத்தோடு இணைப்புகளையும் ஒருங்கே மாற்ற வேண்டும். மேகச் சேமிப்பு முறையில் உள்ளகப் படியை நகர்த்துவதைக் காட்டிலும் ஏற்றுமதியே பயன்தரும். எழுத்துவடிவக் குறிப்புகள் மிகச் சிறிய இடத்தையே கொள்வதால், இடத்தின்பொருட்டு ஊடகக் கோப்புகளை மட்டும் மாற்றினால் போதும். தமிழில் பெயரிடுவோர் உயிர்க்குறியின் இருவடிவங்களையும் பெயர் நீளத்தின் எல்லையையும் கருதவேண்டும். படியெடுத்து, ஒப்பிட்டு, சோதித்த பின்னரே மூலத்தை நீக்கலாம். இரண்டாம் படி ஒன்று உருவாகும்வரை அதையும் நீக்கலாகாது.

ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் மேற்கோளிடும் முறையும் அடிக்குறிப்பு அமைக்கும் முறையும் கற்பிக்கப்படுகின்றன. களத்தரவை எங்கே, எவ்வடிவில், எத்தனை படிகளாக வைப்பது என்பதும் அப்பாடத்தில் இடம்பெற வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கும்பொழுது களத்தரவின் ஒரு படியை எளிய வடிவில் துறையிலும் வைக்கும் வழக்கம் ஏற்பட்டால், ஒருவர் கடற்கரையில் கேட்டெழுதிய சொல் அடுத்த ஆய்வாளருக்கும் கிடைக்கும்.